கடைசிப் பக்கத்து விளம்பரம்

என் கையெழுத்து வடிவானது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் புகழ்வார்கள். அதனால் எனக்கு வாழ்க்கையில் நல்லது ஒன்றும் நடந்ததாக நினைவில்லை. பேர்லினில் அகதி விடுதியில் இருந்த காலத்தில் அந்தக் கையெழுத்து எனக்கு வாங்கித் தந்தது, மற்றவர்களுடைய சாவுகளை எழுதும் வேலையைத்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தமிழ்த் தட்டச்சு இயந்திரம் ஒன்று அந்த நகரத்தில் யாரிடமோ இருப்பதாகக் கதை அடிபட்டது. கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஆகவே நொய்கெல்ன் பகுதியில் ஓர் ஒற்றை அறைக்குள் இருந்துகொண்டு மாதச் சஞ்சிகை நடத்திய பொடியன்கள் என்னைத் தேடி விடுதிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன் ஆசிரியன். மீசை முளைத்துச் சில வருடம்கூட ஆகியிராது. “அக்கா, நீங்கள்தான் எழுதித் தரவேணும்” என்று அவன் கேட்டபோது நானும் தலையை ஆட்டிவிட்டேன். வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. பேர்லினை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. அந்நியர் அலுவலகம் அடுத்த டேர்மினுக்கு, அதுதான் தவணைக்கு, வரச் சொல்லும் வரையில் சமைப்பதும் சாப்பிடுவதும் சண்டை பிடிப்பதும்தான் பொழுது.

சஞ்சிகை முழுவதையும் நான் கறுப்பு மையால் எழுதுவேன். அதைப் படி எடுத்துக் கட்டி பாரிசுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் அனுப்புவார்கள். கட்டுரை, கவிதை, வாசகர் கடிதம் எல்லாம் இதழுக்கு இதழ் மாறும். கடைசிப் பக்கம் மட்டும் மாறாது. அது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். ஊரில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீள்வட்டத்துக்குள் படம், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும் வாசகம், அதற்கும் கீழே தகவல் தருபவரின் தொலைபேசி இலக்கம். அளவுகோல் இல்லாமலே அந்தப் பக்கத்தைப் போட்டு முடிக்கும் அளவுக்கு எனக்குக் கை பழகியிருந்தது.

எங்கள் விடுதியில் கடைசி அறையில் மன்னார்க்காரர் ஒருவர் இருந்தார். கடலுக்குப் போகிற குடும்பம். ஊரில் கோயில் பாடகர் குழுவில் பாடியவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல்! குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு அவர் பாடினால் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறவர்களும் எழும்பி வந்து நிற்பார்கள். தானே பாட்டு எழுதி, ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஆர்மோனியத்தையும் இரவல் தபேலாவையும் வைத்துக்கொண்டு ஓர் ஒலிநாடாவைப் பதிந்து முடித்திருந்தார். அதற்கு ‘உப்புக்காற்று’ என்று பெயர் வைத்தார்.

ஒரு நாள் நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி, என்ரை கசெற்றுக்கு ஒரு விளம்பரம் போடவேணும். முழுப் பக்கம்.”

“போடலாம் அண்ணை. பேரை எழுதி, ஆரிட்டை வாங்கலாம் எண்டு எழுதினால் சரிதானே. அதுக்கு ஏன் முழுப் பக்கம்?”

“படம் வரவேணும். என்ரை முகம் தெரியவேணும்.”

ஆளுக்கு நடிகர் என்ற நினைப்பாக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“அம்மாவுக்குத் தங்கச்சி. நான் பாட்டுப் பாடி உருப்படமாட்டன் எண்டு ஊரே சொன்னது. அவ மட்டும்தான் சொன்னவ, என்ரை பிள்ளையின்ரை படம் ஒரு நாள் புத்தகத்திலை வரும், நீங்கள் இருந்து பாருங்கோ எண்டு. பேந்து ஆமி வீடு வீடாய் வரத் தொடங்க, வீட்டிலை இருந்த என்ரை படம் எல்லாத்தையும் அவவே அடுப்பிலை போட்டவ. படத்தைக் கண்டால் பொடியன் எங்கை எண்டு கேப்பாங்கள் எல்லே. இப்ப என்ரை முகம் எண்டு சொல்ல அவவிட்டை ஒண்டுமில்லை. இந்தப் புத்தகத்திலை ஒண்டை எப்பிடியாவது அவவின்ரை கையிலை சேர்ப்பிச்சிடுவன்.”

அதற்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல? புட்டை இறக்கி வைத்துவிட்டு அவரோடு படம் எடுக்கப் போனேன்.

சுரங்க ரயில் நிலையத்தில் படம் எடுக்கும் பெட்டி ஒன்று இருந்தது. காசைப் போட்டுத் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருந்தால் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். எங்கள் எல்லாருடைய அகதி விண்ணப்பத்துக்கும் அதில் எடுத்த படம்தான். நான் திரைக்கு வெளியே நின்று, “சிரியுங்கோ அண்ணை, சிரியுங்கோ” என்று கத்தினேன். “சிரிச்சால் ஓட்டைப் பல்லுத் தெரியும்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வெளியே வந்து விழுந்த படங்கள் எல்லாவற்றிலும் அதே இறுகின முகம். ஒன்றில் மட்டும் கண் சற்று மேலே போயிருந்தது. அதைத்தான் அவர் எடுத்தார். “இதிலை ஒரு பக்தி இருக்கு, பாருங்கோ” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

குசினி மேசையில் தாளை விரித்தேன். விடுதியில் விளம்பரம் செய்யத் தெரிந்தவர் ஒருவருமில்லை, ஆலோசனை சொல்லத் தெரியாதவரும் ஒருவருமில்லை. கடலைப் போடு என்றார் ஒருவர், வீணையைப் போடு என்றார் இன்னொருவர். நான் மேலே ‘உப்புக்காற்று’ என்பதை அலை மாதிரி நெளிய விட்டு மெல்லிய கோட்டெழுத்தாக எழுதினேன். நடுவில் படத்துக்கு நீள்வட்டம் வெட்டினேன். இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது. கை தன்பாட்டில் குத்துவிளக்கைக் கீறத் தொடங்கியது.

“விளக்கு வேண்டாம் தங்கச்சி. நாங்கள் வேதக்காரர் எல்லே. மெழுகுதிரி கீறுங்கோ. முதல் பாட்டு மாதா பாட்டுத்தானே.”

விளக்கை அழித்துவிட்டு மெழுகுதிரி கீறினேன். நல்லாகத்தான் இருந்தது, சுடர் எல்லாம் ஆடுகிற மாதிரி. படத்துக்குக் கீழே, ‘மன்னாரைப் பிறப்பிடமாகவும் ஜேர்மனியை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி அவருடைய பெயரைப் பெரிதாக எழுதினேன். அதை அவர் வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தார். “ஒரு பெரிய ஆளின்ரை மாதிரி இருக்கு” என்று சந்தோசப்பட்டார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒலிநாடா வெளிவந்துவிட்ட செய்தி, அதன் அடியில் விடுதித் தொலைபேசி இலக்கம். இதைச் சுற்றி அத்தனை பேர் நின்றோம், எல்லாருக்கும் கண் இருந்தது. ஒரு பிறவியாவது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

படி எடுக்கும் கடையை மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். அங்கே நின்ற கட்டைத் தலைமயிர்ப் பெண்ணை எனக்குப் பழக்கம். எனக்கு ஜெர்மன் வராது, அவளுக்குத் தமிழ் வராது, கையாலும் தலையாலும் அலுவல் நடக்கும். படத்தை ஒட்டிய இடத்தில் விளிம்பெல்லாம் ஊத்தையாக விழுந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டி உதட்டைப் பிதுக்கினேன். அவள் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கறுப்புப் பட்டி ஒன்றை எடுத்து வந்து, பக்கத்தைச் சுற்றி நாலு பக்கமும் தடிப்பாக, நேராக, அவ்வளவு கவனமாக ஒட்டித் தந்தாள். காசு நீட்டினேன், அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் “டாங்கே, டாங்கே” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு வந்தேன். வெள்ளைக்காரருக்கும் எங்கள் பாட்டில் இவ்வளவு மதிப்பா என்று வழியெல்லாம் அதுதான் நினைப்பு.

ஆசிரியப் பொடியனிடம் பக்கத்தைக் கொடுத்தேன். “அக்கா, இந்த முறை அஞ்சலி ஒண்டும் வரேல்லை. கடைசிப் பக்கம் சும்மா கிடக்கு” என்றான். அப்படி ஒரு மாதம் அபூர்வம். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு நிம்மதி. என்னோடு வந்திருந்த பாடகருக்கு அதைவிடச் சந்தோசம். “அதிலையே போடுங்கோ தம்பி. எல்லாரும் முதல் திருப்பிப் பாக்கிறது கடைசிப் பக்கத்தைத்தானே!”

அவர் சொன்னதும் உண்மை. புத்தகம் வந்தால் எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவோம், தெரிந்த முகம் ஏதும் இருக்கக் கூடாது கடவுளே என்று.

இதழ் போய்ச் சில நாளில் விடுதி நடையில் இருந்த தொலைபேசி அடித்தது. பக்கத்தில் நின்றபடியால் பாடகர்தான் எடுத்தார். நாங்கள் குசினியில் இருந்தோம். அவர் கதைத்தது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

“ஓம், ஓம், பேர்லின்தான். … ஆரின்ரை செத்தவீடு? … இல்லை, இஞ்சை ஒருத்தரும் சாகேல்லையே. … என்ன பேர் சொன்னனீங்கள்? … அண்ணை, அது நான்தான். நான்தான் கதைக்கிறன்.”

தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “பாரிசிலை இருந்து ஒருத்தர். பிரேதத்தை ஊருக்கு அனுப்புறியளோ எண்டு கேட்டார். நான்தான் அந்த ஆள் எண்டு சொல்ல, செத்த மனிசனை வைச்சுப் பகிடி விடுறியோ, வெக்கமில்லையோ எண்டு பேசிப்போட்டு வைச்சிட்டார்.”

குசினியே அதிரச் சிரித்தோம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படி என்னத்தைத்தான் கண்டான் அந்த மனிசன் என்று சஞ்சிகையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மேலே இருந்த அலை எழுத்து படியில் மங்கி இருந்த இடமே தெரியவில்லை. கறுப்புச் சட்டம். நீள்வட்டத்துக்குள் வானத்தைப் பார்க்கிற முகம். மெழுகுதிரி. பிறப்பிடம், வதிவிடம். ஐயோ, என் கை! எத்தனை மாதமாக அஞ்சலி போட்டுப் போட்டு அதற்கு வேறு பக்கமே தெரியாமல் போயிருந்தது. கடைக்காரப் பெண் ஏன் என் கையைப் பிடித்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. என்னை விதவையாக்கும் என்று நினைத்திருப்பாள். நானோ பல்லைக் காட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை. அனுதாபம் சொன்னவர்களுக்கெல்லாம் அவரே, “நான் சுகமாய் இருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்கவில்லை எங்களுக்கு. பாரிசில் இருந்த அவருடைய தூரத்து உறவுக்காரர் ஒருவர் எடுக்கும் வரைக்கும்தான்.

அந்த மனிதர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் அழத் தொடங்கிவிட்டார். ஊருக்கு அறிவித்தாயிற்றாம். வெளிநாட்டுத் தமிழ்ச் சஞ்சிகை சோதனைச்சாவடியில் பிடிபட்டால் வீட்டாருக்குப் பிரச்சினை என்று படத்தையும் அதற்குக் கீழே இருந்த பெயரையும் மட்டும் வெட்டிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பிவிட்டாராம்.

பாடகர் தொலைபேசியை வைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். “அம்மா” என்றார்.

மறுநாள் தபால் கந்தோருக்கு ஓடினோம். மன்னாருக்கு அழைப்புப் போகாது என்றார்கள். அங்கே இணைப்பு இல்லை. அவருடைய ஊரில் தொலைபேசி என்ற சாமானே கிடையாது, இணைப்பு இருந்தாலும் ஆரை எடுப்பது? தந்தி அடிப்போம் என்றேன்.

“வேண்டாம் தங்கச்சி. எங்கடை ஊரிலை தந்திக்காரன் வாசலுக்கு வந்தாலே அம்மா விழுந்திடுவா. அவன் உறையை உடைச்சு வாசிக்க முன்னம் அவ இருக்கமாட்டா.”

கடிதம் எழுதினோம். அது எப்போது போகும், போகுமோ போகாதோ, ஆருக்குத் தெரியும்? ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிட ஊருக்குப் போகிறவர்கள் என்று ஒருவரும் இல்லை. விமானம் ஏறிப் போய்க் கதவைத் தட்டி, ‘அம்மா, நான்தான்’ என்று சொல்ல அவரால் ஏலாது. கை கால் சுகமாக உள்ள ஒரு மனிதர், தான் சாகவில்லை என்று சொல்ல வழி இல்லாமல் விடுதி நடையில் அங்குமிங்கும் நடந்தார். நானும் கூடவே நடந்தேன். எனக்கு என்ன செய்யத் தெரியும், எழுதத்தான் தெரியும், எழுதித்தானே ஆளைக் கொன்றது.

இதற்குள் இன்னொரு கூத்து. ஒலிநாடா வேண்டும் என்று சுவிசிலிருந்தும் பாரிசிலிருந்தும் கேட்கத் தொடங்கினார்கள். நினைவாக வைத்திருக்க வேண்டுமாம். ஆள் உயிரோடு இருக்கிறார் என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு தயக்கம், “ஓ, அப்பிடியே, அப்ப பேந்து எடுக்கிறம்” என்பார்கள். கோதாரியில் போவார்கள்! ஆசிரியப் பொடியன் அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்டு அவருடைய படத்தைப் போட்டு, ‘நலமாக உள்ளார்’ என்று எழுதுவோம் என்றான். “தம்பி, இனி என்ரை படத்தைத் தொட்டியோ, தெரியும்” என்று அவர் சத்தம் போட்ட சத்தத்தில் பொடியன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

கடைசியில் ஒலிநாடாவில் பேசி அனுப்புவதென்று முடிவெடுத்தார். அம்மாவுக்குக் குரல் தெரியும்தானே. எனக்கு ஒரு பயம் வந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அண்ணை, குரலைக் கேட்டாலும், செத்ததுக்கு முதல் பேசினது எண்டு அவ நினைச்சால்?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம், அதை அவர் யோசித்திருக்கவில்லை.

“அப்ப அந்தப் படத்தைப் பற்றியே சொல்லுறன். செத்தவனுக்குத் தன்ரை அஞ்சலியைப் பற்றித் தெரியாது எல்லே.”

பகலில், குசினியில், எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் பொத்தானை அமத்த வைத்துக்கொண்டார். பாடும்போது ஒரு சுருதி பிசகாத மனிதர், பேச வாய் திறந்ததும் விம்மி விம்மி அழுதார். “அம்மா, நான் சாகேல்லை. அது விளம்பரம் அம்மா. பாட்டுக் கசெற்றுக்குப் போட்ட விளம்பரம். மெழுகுதிரி நான்தான் கீறச் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, படம் எடுக்கேக்கை சிரிச்சிருக்கலாம்.” இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் பொத்தானை அமத்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ஒரு பாட்டாவது பாடி அனுப்புங்கோ என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கொழும்பில் அவருக்குத் தெரிந்த ஒரு பங்குச் சாமியாரின் பெயருக்கு, அம்மாவிடம் சேர்ப்பிக்கச் சொல்லி அதை அனுப்பினோம். பிறகு காத்திருப்புத்தான். தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் கீழே போய் வாசலில் நிற்பார். மழை பெய்தாலும் நிற்பார், பனி கொட்டினாலும் நிற்பார். குசினியில் பாட்டுச் சத்தம் நின்றுபோனது.

பனி கரையத் தொடங்கிய ஒரு காலையில் கொழும்பு முத்திரையோடு ஒரு சின்னப் பொதி வந்தது. உள்ளே கடிதம் இல்லை. நாங்கள் அனுப்பிய அதே ஒலிநாடா. அவர் பேசியிருந்ததன் மறுபக்கத்தில் அம்மா பேசியிருந்தார். ஒலிநாடாப் பெட்டியைச் சுற்றி நாங்கள் குந்தியிருந்தோம். முதலில் காகம் கத்தியது. பிறகு காற்று, கடற்கரைக் காற்று, பெட்டி முழுக்க இரைந்தது. பிறகுதான் அந்தக் குரல்.

“ராசா, கேட்டன். முதல் நம்பேல்லை. பேந்து நீ அழுது அழுது மன்னிப்புக் கேட்டாய் பார், அப்பத்தான் நம்பினன். செத்தவன் இவ்வளவு மன்னிப்புக் கேக்கமாட்டான். எங்கடை ஊர்ச் சாமியார் உனக்குப் பூசை எல்லாம் வைச்சு முடிச்சிட்டார். பறவாயில்லை, ஆருக்காவது போய்ச் சேரும்.”

பாடகர் சிரித்தார். ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார். இத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தப் பல்லைப் பார்த்தேன்.

“படம் வடிவாய் இருக்கு ராசா. நான் சொன்னனான் எல்லே, உன்ரை படம் புத்தகத்திலை வரும் எண்டு. கண்ணாடி போட்டுத் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலை மாட்டியிருக்கிறன். நீ இருக்கிறாய் எண்டு தெரிஞ்ச உடனை மாலையைக் கழட்டிப்போட்டன். மெழுகுதிரியும் இப்ப கொளுத்துறேல்லை. உயிரோடை இருக்கிறவனை இப்பிடி மாட்டி வைச்சிருக்கக் கூடாது, கழட்டணை எண்டு உன்ரை அக்கா ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்கிறாள். என்னாலை ஏலாது ராசா. உன்ரை முகம் எண்டு என்னட்டை வேறை என்ன இருக்கு? எல்லாத்தையும் நான்தானே எரிச்சனான். அவளுக்குச் சொல்லிப்போட்டன், அவன் வந்து தன்ரை கையாலை கழட்டட்டும் எண்டு. வா ராசா. வந்து கழட்டு.”

பிறகு காற்று மட்டும் கேட்டது. காகம் இன்னொரு தரம் கத்தியது. அவர் எழும்பிப் பெட்டியை நிற்பாட்டினார்.

அவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது அதற்கும் கனகாலம் கழித்து. நீல நிறத்தில் பயணப் புத்தகம் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். எனக்கு அதற்குள் ஜெர்மன் கொஞ்சம் வாசிக்க வந்திருந்தது. அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டி, “இது என்ன சொல்லுது தங்கச்சி?” என்று கேட்டார். அவருக்கே தெரியும். இருந்தும் என் வாயால் கேட்க வேண்டும் போல.

“எல்லா நாட்டுக்கும் போகலாமாம் அண்ணை” என்றேன். “ஊருக்கு மட்டும் ஏலாதாம்.”

“ஓம்” என்றார். புத்தகத்தை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். “அப்ப படம் அங்கையே இருக்கட்டும்.”